ஊர் எனும் ஒரு சொல்

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வேற்று நாட்டிற் குடும்பம் நடத்துவோர்க்கு ஒரு சொல் என்றும் ஓய்வு தருவதில்லை. ‘ஊர்’ என்பதே அச்சொல். பர்மாவிலும் மலாயாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் குடியேறிய தமிழர் இதனை அறிவர். ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் நான்கு தலைமுறையாக வாழ்ந்துவரும் நாங்களும் அறிவோம். ஒரே அடுப்பைச் சுற்றி அமர்ந்தவர்கள் இச்சொல்லால் வெவ்வேறு இடங்களைச் சுட்டிய கதையை இளைய தலைமுறையினர் தெரிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

எங்கள் தாத்தாவும் அப்பாயியும் துறையூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மண்டபம் வழியாகத் தலைமன்னாருக்கு வந்திறங்கியவர்கள். அவர்களுக்கு மிக முந்தி வந்தோர் மன்னாரிலிருந்து காட்டு வழியே கால்நடையாக மலைநாடு ஏறினர். வழியிலேயே மாண்டோர் பலர். 1924 இல் பதுளை வரை புகைவண்டிப் பாதை போடப்பட்டுவிட்டமையால் எங்கள் முன்னோர் அத்துன்பத்துக்குத் தப்பினர். தெமோதரை நிலையத்தைக் கடந்த வண்டி, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழையும். “புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டோமோ?” என்று அப்பாயி கேட்டாராம்.

தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு லயக் காம்பராவும் முன்னே ஓர் இஸ்தோப்புமே. அதனுள் அப்பாயி தம் சிற்றூர் முழுவதையும் அடக்கப் பார்த்தார். விடியுமுன் வாசல் தெளித்துக் கோலமிட்டு, ரொட்டி சுட்டுக் கட்டிக்கொண்டு, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பெரட்டுக்கு ஓடுவார். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துத் திரும்பிய பின்னரே உலை வைப்பார். எதைப் பேசினும் “ஊருக்குப் போனதும்” என்றே தொடங்குவார். ஊருக்குப் போனதும் பொங்கலிட வேண்டுமென்று வெண்கலப் பானை ஒன்றை வாங்கித் துணியிற் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தார். இங்கே பொங்கலன்று அடுப்பேறியது மண்பானையே.

எனினும், மண் தன் வேலையைச் செய்யாமலிருப்பதில்லை. பழனிக்கு நேர்ந்துகொண்ட காணிக்கையை அப்பாயி கதிர்காமத்திலே செலுத்தினார். முருகன் ஊவா மாகாணத்திலேயே கோயில் கொண்டிருக்கையில் கடல் கடப்பானேன் என்பது அவர் வாதம். குழம்பில் ரம்பை இலை சேர்ந்தது; சம்பலில் மாசி சேர்ந்தது. கச்சான் காற்று உதட்டைப் பிளந்து வீசும் ஆடி ஆவணி மாதங்களில் ஊவாக் கொழுந்துக்குத் தனி மணம் ஏறும். உலகச் சந்தையில் இத்தேயிலை பெற்ற பெயருக்கு அம்மணமே காரணம். பிள்ளைகளின் பிறந்த நாளைக்கூடக் “கச்சானுக்கு முன், கச்சானுக்குப் பின்” என்றே அப்பாயி கணக்கிடலானார்.

நிற்க. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் நாடாளுமன்றம் சென்றனர். பதுளைத் தொகுதியும் அவற்றுள் ஒன்று. தாத்தா அன்று வாக்களித்தார். அதுவே அவரது கடைசி வாக்கு. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் எங்களை நாடற்றவராக்கின. பின்னர் 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது என்பது அதன் சாரம். எஞ்சிய 150,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

அந்தப் பங்கீடு எங்கள் காம்பராவுக்குள்ளும் நுழைந்தது. சித்தப்பா இந்தியாவுக்கு மனுச் செய்தார். தந்தையார் இலங்கைக்கு மனுச் செய்தார். 40 ஆண்டுகளுக்கு மேலாக “ஊருக்குப் போனதும்” என்று சொல்லிவந்த அப்பாயி, இளைய மகனோடு முந்திக்கொண்டு புறப்படுவார் என்றா எண்ணுகிறீர்கள்? அவர் மறுத்துவிட்டார். “உங்க தாத்தா இந்தத் தேயிலைக்கு அடியில கிடக்காரு. அவரை விட்டுட்டு நான் எந்த ஊருக்குப் போக?” என்றார். வெண்கலப் பானையை மட்டும் பரணிலிருந்து இறக்கிச் சித்தியின் கையிற் கொடுத்தார்.

1972 இல் பதுளை நிலையத்தில் அவர்களை வழியனுப்பினோம். தலைமன்னார் நோக்கிச் செல்வோரை ஏற்றிய அவ்வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தனர். வண்டிக்குள்ளும் அழுகை, மேடையிலும் அழுகை. அப்பாயி மட்டும் அழவில்லை. வீடு திரும்பிய பின் மூன்று நாள் கோலமிடவுமில்லை.

தாயகம் திரும்பியோருக்கு வேலையளிக்கவெனத் தமிழக அரசு 1968 இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் சித்தப்பா வேலைக்கமர்ந்தார். மீண்டும் கொழுந்து, மீண்டும் மலை. இங்கே ‘இந்தியாக்காரர்’ எனப்பட்டவர் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார். பிள்ளைகள் ‘பாண்’ என்றும் ‘போத்தல்’ என்றும் ‘கோச்சி’ என்றும் சொல்லப் பள்ளியில் மற்றவர்கள் நகைத்தனராம். ரம்பை இலை கிடைக்கவில்லை என்று சித்தி குறைப்பட்டிருந்தார். கடிதத்தின் இறுதியில் சித்தப்பா கேட்டிருந்தார்: “ஊரில் கச்சான் தொடங்கிவிட்டதா?”

அக்கடிதத்தை வாசிக்கக் கேட்ட அப்பாயி, “எந்த ஊரைக் கேக்கிறான்?” என்றார். விளங்கியதும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தாய் துறையூரை ஊரென்றார். அவர் வளர்த்த மகன், தாய் ஊரென்று சொன்ன நாட்டிலே நின்றுகொண்டு, பதுளையை ஊரென்கிறார்!

1988, 2003 ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களால் நாடற்றோர் என்னும் பழிச்சொல் நீங்கியது. இன்று எங்களுக்கு வாக்குரிமை உண்டு. எனினும் தோட்டத்துக் குடும்பங்கள் பல, தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதிப் பத்திரமின்றி லயங்களிலேயே வாழ்கின்றன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. தலைமுறை தலைமுறையாய் உழைத்தவர்களுக்குப் பாதுகாப்பான ஒரு துண்டு நிலம் இல்லாமையின் விலை அன்று தெரிந்தது.

அண்மையில் எங்கள் வீட்டுச் சிறுமிக்குப் பள்ளியில் ‘எனது ஊர்’ என்னும் கட்டுரை தரப்பட்டது. அவள் எவரையும் கேட்கவில்லை. நமுனுகுலை மலையையும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவையும், லயத்தின் முன்னுள்ள கொய்யா மரத்தையும் எழுதி முடித்துவிட்டாள். மூன்று தலைமுறையாக எங்களால் தீர்க்க முடியாத வினாவுக்கு அவளுக்கு ஒன்றரைப் பக்கமே போதுமாயிற்று.

மாணவர்களுக்கு நாங்கள் கூற விரும்புவது ஒன்றே: உங்கள் வீட்டுப் பெரியோர் ஊர் என்று எதனைச் சொல்கின்றனர் எனக் கேட்டறிந்து எழுதிவையுங்கள். உள்ளத்தில் ஊரைத் தேர்ந்துகொள்ளும் வேலையை அவரவரே செய்துவிட்டனர். அந்த ஊரில் ஒரு வீட்டையும் அதன் நிலத்தையும் இவர்கள் பெயரில் எழுதித் தரும் வேலைதான் எஞ்சியிருக்கிறது.