நியூரம்பர்க்கில் ஒரு பாரந்தூக்கி

ஜெர்மனிக்குப் போகிறவரிடம் உறவினர் என்ன கேட்பார்கள்? சாக்லெட் கேட்பார்கள், கைக்கடிகாரம் கேட்பார்கள். கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, சிங்கப்பூரில் 22 ஆண்டுகள் கோபுரப் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற என் பெரியப்பா கேட்டது வேறு.

"நான் ஏறி உட்கார்ந்த கிரேனை எனக்குச் சின்னதா வாங்கிட்டு வாப்பா. பிள்ளைங்க விளையாடுற பொம்மை வேணாம். அளவெடுத்துச் செஞ்சதா இருக்கணும்."

அத்தனை ஆண்டு வேலைக்கு அவரிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. உச்சியில் தனியாக உட்கார்ந்திருப்பவரை யார் படம் எடுப்பார்கள்?

என் மகள் எர்லாங்கன் நகரில் படிக்கிறாள். அங்கிருந்து நியூரம்பர்க் ரயிலில் அரை மணிக்கும் குறைவு. குன்றின்மேல் கோட்டை, அதன் காலடியில் செங்குத்தான ஓட்டுக் கூரைகள், ஊரை இரண்டாக வகுத்து ஓடும் பெக்னிட்ஸ் ஆறு. பார்த்தவுடன் நூற்றாண்டுகளாக இப்படியே இருக்கும் ஊர் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 1945 ஜனவரி 2-ஆம் தேதி விழுந்த குண்டுகளில் இந்தப் பழைய நகரின் பெரும்பகுதி தரைமட்டமானது. இன்று காண்பதில் மிகுதியும் மறுபடி கட்டியது.

ஜெர்மனி முழுவதும் அன்று அதே நிலை. கட்ட வேண்டியது ஏராளம். கனத்தைத் தூக்கும் இயந்திரமோ போதவில்லை. நியூரம்பர்க்குக்குத் தென்மேற்கே, கிர்ஷ்டார்ஃப் என்ற சிற்றூரில் ஹான்ஸ் லீபெர் என்ற கட்டுமானக்காரர் 1949-இல் ஒரு கோபுரப் பாரந்தூக்கியைச் செய்தார். லாரியில் இழுத்துப் போய் எளிதாக நிறுத்தி, வேலை முடிந்ததும் பிரித்து அடுத்த இடத்துக்குக் கொண்டு போகலாம். அந்தப் பெயரை எழுதிய பாரந்தூக்கிகளை நீங்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள்.

நியூரம்பர்க்கோ பொம்மைக்குப் பேர் போன ஊர். 1950 முதல் இங்கே பெரிய பொம்மைச் சந்தை நடக்கிறது. அது வியாபாரிகளுக்கு மட்டும், நம்மை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் கார்ல் தெருவில் 1971-இல் திறந்த பொம்மை அருங்காட்சியகத்துக்கு யாரும் போகலாம். என்.ஸெட்.ஜி. என்ற நிறுவனம் 1968-இல் இந்த ஊரில்தான் பிறந்தது. அருகிலுள்ள கால்க்ராய்ட் ஊரின் கான்ராட் நிறுவனமும் அதே தொழில்தான். இயந்திரம் செய்பவர்கள் தங்கள் வாடிக்கையாளருக்குப் பரிசளிக்க இப்படிப்பட்டவர்களிடம் துத்தநாகக் கலவையில் மாடல் வார்த்து வாங்குவார்கள். அந்தப் பரிசுகள்தான் பின்னால் சேகரிப்போர் தேடும் பொருளாயின.

ஒரு சந்துக் கடையில் இரண்டைக் கண்டேன். ஒன்று புத்தம் புதிது. பளபளக்கும் மஞ்சள், கெட்டியான பெட்டி. மற்றது பழையது, பெட்டி இல்லை, சாயம் இரண்டு இடத்தில் உதிர்ந்திருந்தது. விலை 90 யூரோ, நம் காசுக்கு 400 வெள்ளிக்கு மேல். புதியதன் விலையைச் சொல்லமாட்டேன். வீட்டில் இதைப் படிப்பார்கள்.

கையில் எடுத்ததும் புதியதன் கனம் என்னை மயக்கியது. கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்றுதானே நாம் நினைப்போம்? இங்கேதான் ஏமாறுவோம். இந்த மாடல்கள் பெரும்பாலும் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. 50 மீட்டர் கை, மாடலில் ஒரு மீட்டர். ஆனால் எடை ஐம்பதில் ஒன்றாகக் குறைந்தால் போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஐம்பது மடங்கு குறைகின்றன அல்லவா? ஆகவே எடை 1,25,000 மடங்கு குறைய வேண்டும். 50 டன் பாரந்தூக்கிக்கு மாடல் 400 கிராம். அதைவிடக் கனத்தால் உலோகத்தைத் தடிப்பாக வார்த்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது கோபுரத்தின் குறுக்குச் சட்டங்கள் விறகுக் கட்டைபோல இருக்கும். அந்த மஞ்சளில் அப்படித்தான் இருந்தன.

பெரியப்பா சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது: "முதல்ல கொக்கியைப் பாரு." புதியதன் கொக்கி பஞ்சுபோல் எடையற்றிருந்தது, நூல் தொய்ந்து கோணலாகத் தொங்கியது. பழையதில் கொக்கியின் கப்பிக் கட்டை உலோகம். நூல் விறைப்பாக இறங்கியது. கையின் அடியில் ஓடும் சிறு வண்டி நுனிவரை தடையில்லாமல் போய் வந்தது. பின்புற எடைக்கற்கள் தனித்தனியாகக் கழன்று வந்தன. அடுத்து ஓட்டுநர் அறை. அஞ்சடி ஏழங்குல ஆள் இந்த அளவில் 3.4 சென்டிமீட்டர். அவர் உட்கார முடியுமா, கால் வைக்கும் இடத்தில் கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்தேன். கீழே பார்க்காமல் எப்படி ஓட்டுவது?

கடைசியாகக் கடைக்காரரிடம் உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டு வாங்கி அடிப்பாகத்தைப் பார்த்தேன். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் வெடிப்பு கண்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகு தானே பொடிந்து போகும். போருக்கு முந்திய வார்ப்புகளில் இது அதிகம். சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். நம் ஊர்க் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வெடிப்பு இல்லை. பெட்டி இல்லாததால் சேகரிப்போர் மதிப்புக் குறைப்பார்கள். குறைக்கட்டும், பெரியப்பா ஏறியது பெட்டியில் அல்லவே! பழையதையே வாங்கினேன்.

விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பெரியப்பா மேசைமேல் வைத்து நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு விரலால் கையைச் சுற்றினார். கொக்கியை இறக்கினார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"ரெண்டு கயிறு போட்டிருக்கான். நாங்க கனத்துக்கு நாலு போடுவோம். ரெட்டிப்பு தூக்கும், பாதி வேகம்தான் வரும்."

தவறாக வாங்கிவிட்டேனா என்றேன். "கட்டையில நாலுக்கும் கப்பி இருக்கு பாரு. செஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, பெரியம்மாவின் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்தார். கை நடுங்கியது. பேத்திதான் நூலைக் கோத்தாள். இவர் "மேல, இப்ப வண்டியைச் சுத்தி, திரும்பக் கீழ" என்று சொல்லச் சொல்ல, ஒரு மணி நேரம் ஆயிற்று.

நான்கு கயிற்றில் கொக்கி இறங்கியபோது அவள் ஓட்டுநர் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, காலையில ஏறினா சாயந்திரம்தான் இறங்குவேன்னு சொன்னீங்களே. இதுக்குள்ள ஒண்ணுக்கு எங்க போவீங்க?"

"போத்தல் கொண்டு போவேன்" என்றார் பெரியப்பா.

"சாப்பாட்டு மேசையில பேசுற பேச்சா இது?" என்று அடுப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.