மீனுக்குள் மீன்

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குதல் கடலின் இயற்கை. இராமேசுவரக் கரையில் வாழும் பரதவர்க்கு இது புதுமையன்று. ஒருநாள் பாம்பன் கரையில் முதியவர் ஒருவர் பாரை மீனொன்றை அறுத்தபோது நான் அருகில் நின்றேன். அதன் வயிற்றில் சாளை மீன் ஒன்று சிறிதும் சிதையாமல் கிடந்தது. “இப்பொழுதுதான் விழுங்கியிருக்கும், தம்பி” என்றார் அவர். இத்தகைய நிகழ்ச்சி கல்லிலே பதிந்து நிலைப்பதும் உண்டோ என எண்ணினேன்.

உண்டு. அமெரிக்க நாட்டின் கான்சாசு மாநிலம் இன்று கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள சமவெளி. எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே கடல் பரந்திருந்தது. 1952ஆம் ஆண்டில் சார்சு இசுடெர்ன்பெர்க்கு என்பார் அந்நிலத்துச் சுண்ணப்பாறையிலிருந்து ஏறத்தாழ 14 அடி நீளமுள்ள மீனின் எலும்புக்கூட்டை அகழ்ந்தெடுத்தார். என்னே வியப்பு! அதன் விலா எலும்புகளுக்கிடையே ஏறத்தாழ 6 அடி நீளமுள்ள வேறொரு மீன் முழுமையாகக் கிடந்தது. விழுங்கப்பட்ட மீன் துடித்தமையால் உள்ளுறுப்புச் சிதைந்து பெரிய மீனும் இறந்திருக்கலாம் என்பர் அறிஞர். ஏய்சு நகரத்துப் பொருட்காட்சிசாலையில் அதனை இன்றும் காணலாம்.

இவ்வாறு நிலைத்தல் ஏன் அரிதாயிற்று? இறந்த மீனை நண்டும் நுண்ணுயிரும் விரைவில் அழிக்கும். அலை எலும்புகளைக் கலைக்கும். வயிற்றிலுள்ள இரையோ அதற்கு முன்னரே செரித்துவிடும். செரிக்குமுன் சாவு வரவேண்டும். அழுகுமுன் சேறு மூடவேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தல் எளிதோ?

இராமேசுவரத் தீவில் கடல்மட்டத்திற்கு மேலே பழம் பவளப்பாறைகள் நிற்கின்றன. பவள உயிர்கள் வாழும்போதே சுண்ணக்கூடு கட்டுவதால் அவை நிலைத்தன. அவற்றினூடே அந்நாளில் இரை தேடிய மீன்களின் கதையை யார் அறிவார்?

நம் அரியலூர்ப் பகுதியும் பண்டு கடலடியாய் இருந்ததே. அங்கே சுறாவின் பற்களும் பழங்கடற் சிப்பிகளும் கல்லாகிக் கிடைக்கின்றன. அழகாயிருக்கிறதென்று ஒன்றைப் பெயர்த்தெடுப்பது எளிது. ஆயின், எது எதனோடு கிடந்தது என்னும் செய்தி அக்கணமே அழியும். கான்சாசு மீனின் எலும்புகளைத் தனித்தனியே பெயர்த்திருந்தால் எஞ்சியிருப்பவை இரண்டு மீன்களின் எலும்புகளே. ஒன்றை மற்றொன்று விழுங்கிய செய்தி மறைந்திருக்கும். ஆதலின், அத்தகைய கல்லைக் கண்டால் கிடந்தவாறே விடுத்து, அறிந்தோர்க்கு உரைப்பதே நம் கடமை.