பீமனுக்கு ஒரு குந்தி

மைசூருக்கு மூட்டை கட்டி வந்து பதினோரு வருஷம் ஆச்சு. எங்க அபார்ட்மெண்டில் பொங்கல் வந்தால் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து, பசங்களை வைத்து ஒரு நாடகம் போடுவோம். இந்த வருஷம் பகாசுர வதம். வண்டிச் சோறு, ராட்சசன், சண்டை என்று பசங்களுக்குப் பிடித்த சமாச்சாரம் எல்லாம் இருக்கு.

பீமன் யார் என்று கேட்டதும் என் பொண்ணு கையைத் தூக்கிவிட்டாள். பதினொரு வயசு, இருக்கிறதிலேயே உயரம். குரலைக் கேட்டால் பகாசுரனே ஓடிவிடுவான் (தங்கமணி வழி!). எல்லாரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். மீசை வாங்க நான் தேவராஜ அர்ஸ் ரோட்டில் அலைந்தது தனிக்கதை.

அடுத்து குந்தி. மூணாவது மாடிப் பையன், ஒன்பது வயசு, "நான் பண்றேன் அங்கிள்" என்றான். அவ்வளவுதான், கூடம் கப்சிப். அவன் அப்பா முகம் சிவந்து, "வேணாங்க, வீடியோ ஊருக்குப் போனா மானம் போயிடும்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்க வேண்டிய ஆள் அங்கே நான் ஒருத்தன்தான்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். எங்க ஊர் செய்யாறு பக்கம். அப்பா தெருக்கூத்தில் திரௌபதி கட்டியவர். பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் ராத்திரியெல்லாம் கூத்து, மத்த மாசம் ஏர். துகில் உரிகிற கட்டம் வந்தால் ஜனங்கள் அவர் முன்னால் கற்பூரம் கொளுத்துவார்கள். காலையில் அரிதாரம் கலைத்துக் கொண்டையை அவிழ்த்துவிட்டு, என்னை சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார்.

ஒன்பதாவது படிக்கும்போது ஒருத்தன் என் பெஞ்சில் பொட்டு ஒட்டி வைத்தான். அன்றைக்கு சாயங்காலம் "இனிமே ஸ்கூலுக்கு வராதப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, வரவும் இல்லை. காலேஜ் விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். ஆபீசிலும் இத்தனை வருஷமாக அதே பதில்தான்.

பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி என் பொண்ணு மீசையைப் பார்த்து, "நம்ம நாகரத்னம்மா மாதிரி இருக்கே!" என்றார். ஆர். நாகரத்னம்மா 1926-இல் இதே மைசூரில் பிறந்தவர். 1958-இல் முழுக்க முழுக்கப் பெண்களே நடிக்கிற ஸ்த்ரீ நாடக மண்டலியைத் தொடங்கி கம்சன், ராவணன், பீமன் என்று மேடையை அதிர வைத்தவர். 2012-இல் பத்மஸ்ரீ வாங்கி, அதே வருஷம் காலமானார். பாட்டி அவருடைய கம்சனைப் பார்த்திருக்கிறாராம். "பயந்து போய் அம்மா மடியில் ஒளிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

நம்ம பக்கமும் இது புதுசா என்ன? கே.பி. சுந்தராம்பாள் 1935-லேயே சினிமாவில் நந்தனாராக நடித்தார். டி.கே. சண்முகம் மேடையில் ஔவையாராக நடித்து 'அவ்வை' சண்முகம் ஆனார். பாய்ஸ் கம்பெனியில் சிவாஜி சின்ன வயசில் சீதை வேஷம் போட்டார். இவர்களை எல்லாம் கொண்டாடுகிறோம். ஆனால் பொண்ணு மீசை வைத்தால் தைரியம், பையன் புடவை கட்டினால் மானக்கேடு. பொம்பளையாக ஆவது ஒரு படி இறங்குவது என்று உள்ளுக்குள் எங்கேயோ நம்புகிறோம் போல. நம்பியவர்களில் நானும் ஒருத்தன்.

ராத்திரி மூணாவது மாடிக்குப் போனேன். "எங்கப்பா திரௌபதி கட்டினவருங்க" என்றேன். தொண்டை அடைத்தது. மைசூரில் யாரிடமும் சொல்லாத விஷயம். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்கப்பா எங்க பையனுக்குச் சொல்லித் தருவாரா?" என்று கேட்டார்.

வாட்ஸப்பில் அப்பாவைப் பிடித்தோம். பையன் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து காட்டினான். அப்பா சிரிக்கவில்லை.

"பொம்பள மாதிரி நடக்காத கண்ணு. குந்தி மாதிரி நட. ஊரான் புள்ளைய காப்பாத்த தம்புள்ளைய ராட்சசங்கிட்ட அனுப்பப் போறா. அவ இடுப்ப ஆட்டிக்கினா நடப்பா?"

பையன் கொஞ்சம் யோசித்தான். திரும்ப நடந்தான், மெதுவாக. என் பொண்ணு, அதாவது பீமன், சும்மா நின்றவள் சட்டென்று நிமிர்ந்து நின்றாள்.

பொங்கலன்று குந்தி பீமன் தலையில் கைவைத்து அனுப்பும்போது யாரும் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் பையனின் அப்பா வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அது ஊருக்கும் போச்சு :-)

நான் என் அப்பாவுக்கு நேரலையில் காட்டினேன். முடிந்ததும், "கொசுவம் சரியில்லடா, அடுத்த வாட்டி நான் வந்து கட்டி வுடறேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வரலாமில்ல?" என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்காமல் விட்ட கேள்வி.

டிக்கெட் போட்டாச்சு.