வந்த வழியே திரும்பினோம்

மலையேறி இறைவனைத் தேடுவது மனித குலத்தின் தொன்மையான வழக்கம். சீனாயில் மோயீசன், ஓரேபில் எலியாஸ், தாபோரில் நம் ஆண்டவர் என வேதாகமம் நெடுகிலும் மலைகள் நிமிர்ந்து நிற்கின்றன. திருத்தந்தை 11ஆம் பத்திநாதர், குருவாயிருந்த காலத்தில், 1889ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் தொடரின் மோன்ட்டே ரோசா மலையை அதன் கொடிய கிழக்கு முகத்தின் வழியே ஏறியவர். 1923இல் மெந்தோன் நகர்ப் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே.

இத்தகைய மலை வேட்கைதான் எங்கள் நால்வரையும் நேபாளத்தின் கும்பு பள்ளத்தாக்கிற்கு இட்டுச் சென்றது. 8,848.86 மீட்டர் உயர்ந்த எவரெஸ்டின் உச்சியை எட்டும் பேராசை எங்களுக்கில்லை. 5,364 மீட்டரிலுள்ள அடிவார முகாமை நடந்தே சென்று காண வேண்டும் என்பதே பல்லாண்டுக் கனவு.

லுக்லாவின் விமான ஓடுபாதை 527 மீட்டர் நீளமே உடையது. ஒரு முனையில் மலைச்சுவர்; மறுமுனையில் பாதாளம். செபமாலையைப் பற்றியவாறே இறங்கினோம். அதற்கப்பால் வாகனச் சாலை இல்லை. அரிசி முதல் அடுப்பு எரிவாயு வரை பெரும்பாலான பொருள்கள் விலங்குகளின் முதுகிலும், மனிதர் முதுகிலும் செல்கின்றன. நெற்றியில் மாட்டிய பட்டையால் பெருங்கூடையைத் தாங்கிவரும் சுமைகாரர்கள், வழியோரக் கல் திண்ணைகளில் கூடையை இறக்காமலே சாய்த்து இளைப்பாறுகிறார்கள். நம் ஊர்ச் சுமைதாங்கிக் கற்கள் எங்கள் நினைவுக்கு வந்தன.

இரண்டாம் நாள் மாலை 3,440 மீட்டரிலுள்ள நாம்சே பஜாரை அடைந்தோம். மூன்றாம் நாள் பயணமில்லை. உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. உடல் அதற்குப் பழக நாட்கள் வேண்டும். ஆகவே 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு அதிகமாக உயர்த்தலாகாது என்பது அங்குள்ள பாலபாடம்.

நான்காம் நாள் தெங்போச்சே. 1934இல் நிலநடுக்கத்தாலும், 1989இல் தீயாலும் அழிந்து, இரு முறையும் மீண்டெழுந்த பௌத்த மடம் அங்குள்ளது. விடியலில் துறவிகளின் மந்திர ஒலி பனிக்காற்றில் மிதந்து வந்தது. ஆமா தப்லாம் சிகரம் பொன்னாய் ஒளிர, நாங்கள் எங்கள் காலைச் செபத்தைச் சொன்னோம்.

திங்போச்சேயில் இரண்டு இரவுகள். ஏழாம் நாள் துக்லா மேட்டில், மலையில் உயிர்நீத்தவர்களுக்காக எழுப்பிய கற்குவியல்களுக்கிடையே நின்று மன்றாடினோம். அன்று மாலை 4,940 மீட்டரிலுள்ள லொபுச்சேயை அடைந்தோம். முகாமுக்கு எஞ்சியது ஒரே நாள் நடை!

அன்றிரவு எங்களுள் மூத்தவர் வாந்தியெடுத்தார். விடிந்ததும் எங்கள் ஷெர்பா வழிகாட்டி, குதிகாலோடு விரல் சேர நேர்கோட்டில் நடக்கும்படி அவரைக் கேட்டார். நான்காம் அடியில் அவர் தள்ளாடிச் சாய்ந்தார். மூளையில் நீர் கோக்கத் தொடங்கியதன் அறிகுறி அது. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

“ஒருவர் இவரோடு இறங்கட்டும், மற்ற இருவர் மேலே போகலாமே” என்றது எங்களுள் ஒரு குரல். எவரும் மறுக்கவில்லை, அதுவே எங்கள் வெட்கம். வழிகாட்டி அமைதியாகச் சொன்னார்: “முகாம் மேலே இருக்கிறது, ஐயா. இவருக்கு வேண்டிய காற்று கீழே இருக்கிறது. இவரைத் தாங்கிப் பிடிக்க எல்லாக் கைகளும் வேண்டும்.”

நால்வரும் இறங்கினோம். பெரிச்சே என்னும் சிற்றூரில் 1973 முதல் மலைநோய்க்கெனவே, பயணப் பருவங்களில் இயங்கும் மருத்துவ நிலையம் உண்டு. அங்கே பிராணவாயுவும் மருந்தும் கொடுத்தார்கள். மாலையில் தெளிந்து எழுந்த மூத்தவர், “திங்போச்சேயிலேயே தலைவலி இருந்தது. உங்களுக்கெல்லாம் தடையாகிவிடக் கூடாது என்று சொல்லாமல் விட்டேன்” என்றார். அவருடைய சோற்றுத் தட்டு இரண்டு நாளாகத் தொடப்படாமல் திரும்பியதை நாங்கள் அனைவரும் கண்டிருந்தோம். ஏன் என்று கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் கண்கள் சிகரத்தின்மேல் இருந்தன.

ஓரேபில் எலியாசுக்கு ஆண்டவர் பெருங்காற்றிலோ, நிலநடுக்கத்திலோ, தீயிலோ அன்றி, மென்மையான ஒலியிலே தம்மை வெளிப்படுத்தினார். அதன்பின் அவர் இட்ட கட்டளையை நாம் மறந்துவிடுகிறோம்: வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னார். கீழே அவருக்குப் பணி காத்திருந்தது.

அன்பு வாசகர்களே, அடிவார முகாமை நாங்கள் காணவில்லை. ஆயினும் வெறுங்கையோடு திரும்பவில்லை. நம் இல்லங்களிலும், பிறருக்குத் தடையாகக் கூடாதென்று வலியை மறைத்துக்கொண்டு நம்மோடு நடந்துவரும் தாயோ, முதியவரோ இருக்கலாம். இன்றிரவு உணவுக்கு அமரும்போது, தொடப்படாத தட்டு யாருடையது என்று பாருங்கள். பார்த்துவிட்டுக் கேளுங்கள்.