நயாகராவின் நீர்ப்பங்கீடு

வட அமெரிக்காவில் ஈரி ஏரியினின்று ஒண்டாரியோ ஏரிக்குப் பாயும் நயாகரா ஆறு, இடைவழியிற் செங்குத்தான பாறையினின்று வீழ்ந்து பேரருவியாகின்றது. ஒரு கரை கனடா. மறு கரை அமெரிக்க ஐக்கிய நாடு.

1895-ஆம் ஆண்டில் அருவியருகே பெரியதொரு மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. மறு ஆண்டே பஃபலோ நகரம் அம்மின்சாரத்தைப் பெற்றது. மின்நிலையத்திற்குரிய நீர் அருவிக்கு மேற்புறத்திலேயே திருப்பப்பெறும். ஆதலின், நகரங்களில் விளக்குகள் பெருகப் பெருக அருவி மெலிதல் இயல்பே. ஏரிநீர் முழுவதும் பொறிகளின் வழியே பாயும் நாளைக் கெல்வின் பிரபு என்னும் விஞ்ஞானி ஆவலுடன் எதிர்நோக்கினார். அத்துணைப் பேரறிவுக்கு அருவியின் எழில் பெரிதாகத் தோன்றவில்லை போலும்!

1950-இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. காண்போர் மிகுதியாக வரும் திங்கள்களில் பகற்பொழுதில் நொடிக்கு 1,00,000 கன அடி நீரும், ஏனைய வேளைகளில் 50,000 கன அடி நீரும் அருவியிற் குறையாது வீழ்தல் வேண்டும். எஞ்சியதை இருவரும் ஒப்பப் பகிர்ந்து மின்சாரம் ஆக்கலாம். ஆற்றின் இயல்பான ஒழுக்கோ நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கன அடி. ஆகவே, பகலில் மக்கள் கண்டு வியப்பது பாதி அருவியே. இரவில் வீழ்வது காற்பங்கு.

இரவில் மிகுதியாகக் கிடைக்கும் நீரில் ஒரு பகுதியை உயர்ந்த தேக்கங்களில் ஏற்றி வைத்து, மறுநாள் தேவை மிகும்போது இறக்கி மின்சாரம் ஆக்குகின்றனர். அருவிக்கு மேலே ஆற்றிற் கட்டப்பெற்ற தடுப்பணை ஒன்றுண்டு. வேனிற்காலத்தில், காலை எட்டு மணிக்குள் அதன் மதகுகள் திறக்கப்பெறும்; இரவெல்லாம் மெலிந்திருந்த அருவி மீண்டும் பெருகும்.