ஓட்டுக்குக் காசு, ஃப்ளோரிடா ஸ்டைலில்

நம்ம ஊரில் ஓட்டுக்குக் காசு என்றால் வேட்பாளர் கொடுப்பது. நான் எம்.எஸ். படிக்க வந்திருக்கும் ஃப்ளோரிடாவில் கதை உல்டா. இங்கே சில பேர் ஓட்டுப் போட அரசாங்கத்துக்குக் காசு கட்ட வேண்டும். யாரென்றால், ஒரு காலத்தில் தண்டனை வாங்கி அதை முடித்துவிட்டு வந்தவர்கள். சரி, எவ்வளவு கட்டணும்னு கேட்டால் மட்டும் ஒழுங்கான பதில் வராது. மேட்டரே அதுதான்.

முதலில் கொஞ்சம் முன்கதை. ஃபெலனி என்பது இங்கே பெரிய குற்றங்களுக்கான பெயர். உடனே கொலை, கொள்ளைன்னு மட்டும் நினைச்சிடாதீங்க. 2019 வரை 300 டாலர் பொருளைத் திருடினாலே இந்த மாநிலத்தில் ஃபெலனிதான். ஃபெலனியில் தண்டனை பெற்றவருக்கு ஓட்டு இல்லை என்பதை 1868-லேயே மாநில அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து, கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தே தீரவேண்டிய நிலைமை வந்த அதே நேரம். தற்செயல் என்று நீங்கள் நம்பினால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. 2000-ல் புஷ் இந்த மாநிலத்தில் ஜெயித்தது 537 ஓட்டில். அன்றைக்கு இந்தச் சட்டத்தால் வெளியே நின்றவர்கள் லட்சக்கணக்கில்!

டெஸ்மண்ட் மீட் என்பவர் தானே தண்டனை அனுபவித்தவர். வீடில்லாமல் இருந்து, பிறகு சட்டம் படித்தவர். அவரும் கூட்டாளிகளும் ஏழு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கி, 2018 நவம்பரில் இதை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். தண்டனைக் காலம், பரோல், புரொபேஷன் எல்லாம் முடித்தவருக்கு ஓட்டுரிமை தானாகத் திரும்ப வரும். கொலையும் பாலியல் குற்றமும் மட்டும் விலக்கு. ஜெயிக்க 60 சதவீதம் வேண்டும், கிடைத்தது 64-க்கும் மேல். சுமார் 14 லட்சம் பேருக்கு ஓட்டு வரப்போகிறது என்று பேப்பரெல்லாம் எழுதின.

அடுத்த வருஷமே, 2019 ஜூனில், ஆளுநர் டிசாண்டிஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தண்டனை முடிந்தது என்றால் அபராதம், நஷ்டஈடு, கோர்ட் கட்டணம் எல்லாம் கட்டி முடித்திருக்க வேண்டுமாம். கோர்ட் கட்டணம் எப்படி ஏறும்னு ஒரு சாம்பிள்: வசதியில்லாதவர் அரசு வக்கீல் கேட்டு விண்ணப்பிக்கவே 50 டாலர்.

நிற்க. நான் வாரம் இருபது மணி நேரம் பாத்திரம் கழுவும் கேண்டீனில் ஒரு சமையல்காரர். ஐம்பதைத் தாண்டியவர். இருபது வருஷத்துக்கு முன்னால் கள்ள செக் கேஸில் உள்ளே போய் வந்தார். புரொபேஷனும் எப்போதோ முடிந்துவிட்டது. பாக்கி எவ்வளவு என்று விசாரித்தார். ஒரு இடத்தில் ஒரு தொகை, வசூல் ஏஜென்சியில் வேறு தொகை. ஏஜென்சி தன் கமிஷனாக 40 சதவீதம் வரை சேர்த்துக்கொள்ள இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தக் கமிஷன் ஓட்டுக் கணக்கில் வராது, தீர்ப்பில் எழுதிய தொகை மட்டும்தான் வரும். அப்ப இத்தனை வருஷம் இவர் கட்டியதில் எது அசல், எது கமிஷன்? ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார். எனக்கென்ன தெரியும்? 2024-ல் அவர் பையனுக்கு முதல் ஓட்டு. காரில் கூட்டிப்போய் இறக்கிவிட்டு, இவர் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

அவருக்குத்தான் விவரம் போதவில்லை என்று நினைக்கவேண்டாம். 2020-ல் இந்த வழக்கு நடந்தபோது ஒரு பேராசிரியரும் பி.எச்.டி. மாணவர்களும் 153 பேரைக் குத்துமதிப்பாகப் பொறுக்கி, அவர்கள் பாக்கியைத் தேடிப் பார்த்தார்கள். மூன்றே மூன்று பேர் தவிர மற்ற எல்லார் கணக்கிலும் முரண்பாடு. மாவட்ட நீதிபதி ஹிங்கிள் சட்டத்தின் பெரும்பகுதியைச் செல்லாது என்றார். தேங்கிக் கிடக்கும் 85,000 பதிவுகளைச் சரிபார்க்க 2026 ஆகிவிடும் என்றும் தீர்ப்பிலேயே கணக்குப் போட்டார். அதே செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-க்கு 4 என்று தீர்ப்பைத் திருப்பிவிட்டது. அந்தச் சட்டம்தான் இன்றும்.

அபராதமும் தண்டனையில் சேர்த்திதானே என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. பணத்தைப் பறிகொடுத்தவருக்கு நஷ்டஈடு போய்ச் சேர வேண்டாமா? வேண்டும். வசூலிக்கட்டும், யார் வேண்டாமென்றது? கடன் பாக்கி வைத்த மற்றவர்கள் ஓட்டுப் போடவில்லையா? கந்துவட்டிக்காரன்கூட ஒரு நோட்டில் உன் பாக்கி இவ்வளவு என்று எழுதி வைத்திருப்பான். இங்கே கணக்கே இல்லாமல் கடன். தப்பாக ஓட்டுப் போட்டால் இன்னொரு ஃபெலனி. 2022 ஆகஸ்டில், தகுதியில்லாமல் ஓட்டுப் போட்டதாக 20 பேரைக் கைது செய்தார்கள். அவர்கள் கொலை, பாலியல் குற்ற விலக்கில் வருபவர்கள். ஆனால் அதில் பலருக்கு வாக்காளர் அட்டை கொடுத்ததே அரசாங்கம்தான். அந்தச் செய்தியைப் பார்த்த பிறகு எங்கள் சமையல்காரர் பதிவு செய்யும் பேச்சையே விட்டுவிட்டார். சட்டம் அவரைத் தடுத்ததா என்பது இன்றுவரை அவருக்கே தெரியாது. பயம் தடுத்தது.

நம்ம நாட்டுச் சட்டம் ஒன்றும் உத்தமம் இல்லை. ஜெயிலில் இருப்பவர் விசாரணைக் கைதியாக இருந்தாலும் ஓட்டுப் போட முடியாது. இங்கே விசாரணைக் கைதிக்கு சட்டப்படி ஓட்டு உண்டு. ஆனால் நம்ம ஊரில் தண்டனை முடிந்து வந்தவரை வாக்குச்சாவடியில் நிறுத்தி, கோர்ட்டில் பாக்கி இருக்கா என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு இந்த நாட்டில் ஓட்டு கிடையாது, கேட்கவும் உரிமையில்லை. ஆனால் அவர் இந்த மண்ணிலேயே பிறந்து, இன்றும் வரி கட்டுகிறவர். கட்டவேண்டியது எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது அரசாங்கத்தின் வேலை. அதைச் செய்ய முடியாவிட்டால், ஓட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அதற்கு என்ன யோக்கியதை? நீங்களே சொல்லுங்க மக்களே.

கொசுறு: இதே அமெரிக்காவில் மெய்ன், வெர்மாண்ட் என்று இரண்டு மாநிலங்களில் ஜெயிலுக்குள் இருந்துகொண்டே ஓட்டுப் போடலாம். அங்கே ஒன்றும் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை :-)