வினிகரும் ப்ளீச்சும் ஒரே பக்கெட்டில்

கனடாவில் ஏப்ரல் வந்து பனி உருகினதும் வீட்டோட உண்மையான முகம் தெரியும்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இங்கே பல வீடுகளோட வெளிச்சுவரில் பூச்சும் பெயிண்டும் கிடையாது. மரச்சட்டத்தின் மேல், ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி நீள நீளமான பிவிசி பலகைகளை மாட்டியிருப்பாங்க. பேரு வினைல் சைடிங். நாலஞ்சு மாதக் குளிர் முடியும்போது அது பார்க்கச் சகிக்காது. பனி உருகுறதுக்காக வாசலிலும் ரோட்டிலும் போட்ட உப்பு தெறித்து, கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளைத் திட்டு. வெயில் படாத வடக்குப் பக்கம் பச்சைப் பாசி.

நான் ஒண்டாரியோவில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிற மருத்துவர். இந்தச் சுவரைக் கழுவப் போய், நானே என் அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

அந்த வருஷம் அப்பா மதுரையிலிருந்து வந்திருந்தார். வயது 71. ஆஸ்துமா உண்டு. சும்மா உட்கார மாட்டார். சனிக்கிழமை காலையில் நான் சுவர் கழுவ இறங்கினதும், "நானும் வர்றேன்ப்பா"ன்னு ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு வந்துட்டார்.

கராஜில் ரெண்டு கேனையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். "இது வினிகர், உப்புக் கறைக்கு. இது ப்ளீச், பாசிக்கு." இவ்வளவுதான் சொன்னேன். சொல்ல வேண்டிய மூணாவது வாக்கியத்தைச் சொல்லல.

நான் வெளியே ஹோஸ் பைப்பைப் பிடிச்சு சுவரை நனைச்சுக்கிட்டு இருந்தேன். குளிர்காற்று வருதுன்னு அப்பா கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டிருந்தார். பத்து நிமிஷம் இருக்கும். இருமல் கேட்டது. சாதாரண இருமல் இல்லை, நிறுத்த முடியாத இருமல். கதவுக்குக் கீழே குனிஞ்சதும் நீச்சல் குள வாசனை, அதைவிடப் பல மடங்கு.

பக்கெட்டைத் தொடல. அப்பாவின் கையைப் பிடிச்சு வெளியே இழுத்து, காற்று வர்ற பக்கமா தெருவரைக்கும் கூட்டிட்டுப் போனேன். கண்ணும் மூக்கும் ஒழுகுது. மூச்சு விசிலடிக்குது. அந்த நிலையிலும் சொன்னார், "ரெண்டும் அழுக்கு எடுக்கிறதுதானப்பா... சேர்த்து ஊத்துனா சீக்கிரம் போயிரும்னு..."

என்ன நடந்தது?

ப்ளீச் என்பது தண்ணீரில் கரைந்த சோடியம் ஹைப்போகுளோரைட். அதோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளியேறும். வினிகரும் அமிலம்தான். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு போர்க்களத்தில் ஜெர்மன் படை திறந்துவிட்டதும் இதே வாயுதான். இது காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனமானது. அதனால் மேலே போகாமல் தாழ்வான இடத்தில் தங்கும். பக்கெட்டின் மேல் குனிந்து கலக்குகிறவர் முகத்துக்கு நேராகத் தங்கும். மூச்சுக்குழாயின் ஈரத்தோடு சேர்ந்து அங்கேயே அமிலமாக மாறிப் புண்ணாக்கும்.

இன்ஹேலர் கொடுத்தேன், 911-ஐ அழைத்தேன். தீயணைப்பு வீரர்கள் பக்கெட்டைப் பார்த்துக்கிட்டாங்க. மருத்துவமனையில் ஆக்சிஜன், நெபுலைசர். ஒரு மணி நேரத்தில் அப்பா "சரியாயிருச்சு, கெளம்பலாம்"னார். விடவில்லை. அதிகமாக சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோர்க்கலாம். இரவு வரைக்கும் கண்காணிப்பில் இருந்தார். நர்ஸ் என்கிட்டதான் கேட்டாங்க, "எதோடு எதைக் கலந்தீங்க?" எத்தனையோ பேரிடம் நான் கேட்ட கேள்வி. எனக்குத் தலை நிமிரல.

கலக்கக் கூடாதுன்னு லேபிளில் எழுதியிருக்கு. பொடி எழுத்து. அப்பாவோட கண்ணாடி வீட்டுக்குள்ளே இருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது:

1. முதலில் வெறும் தண்ணீரும் மிதமான சோப்பும். பெரும்பாலான அழுக்கு இதிலேயே போய்விடும்.

2. உப்புத் திட்டுக்கு ஏழு பங்கு தண்ணீர், மூன்று பங்கு வெள்ளை வினிகர். பாசிக்கு ப்ளீச் தேவைப்பட்டால் அது வேறொரு நாள், வேறொரு பக்கெட்டில், சுவரை நன்றாக அலசிய பிறகு. ரெண்டு கேனும் ஒரே நேரத்தில் கராஜில் இருக்கவே வேண்டாம்.

3. கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் அமோனியா இருக்கும். அதோடும் ப்ளீச்சைச் சேர்க்கக் கூடாது. அதுவும் நச்சு வாயுதான்.

4. ஏணி வேண்டாம். நீளக் கம்பி மாட்டிய மென்மையான பிரஷ் போதும். சோப்பு கீழிருந்து மேலே, அலசுவது மேலிருந்து கீழே. கோடு விழாது.

5. பிரஷர் வாஷர் கையில் பட்டுச் சின்ன ஓட்டை விழுந்தால், "சின்னக் காயம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் தசைக்குள் வெகுதூரம் போயிருக்கும். உடனே மருத்துவமனை.

6. வாயுவை சுவாசித்துவிட்டால் முதலில் வெளிக்காற்று. பக்கெட்டை எடுக்க உள்ளே போகாதீர்கள். கண் எரிந்தால் 15 நிமிடம் தண்ணீரில் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸ்.

"எங்க ஊர்ல ஏது சைடிங்?"னு கேக்கறீங்களா? மழைக்காலம் முடிஞ்சு மொட்டைமாடிப் பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர் போடுவீங்க. பாத்ரூம் கறைக்கு ஆசிட் ஊத்துவீங்க. அந்த ரெண்டும் சேர்ந்தாலும் வருவது இதே வாயுதான். கதவு சாத்தின பாத்ரூம் என் கராஜைவிடச் சின்னது. வீட்டு வேலைக்கு வர்ற அக்காகிட்டயும் இதைச் சொல்லிடுங்க. பாட்டிலை எடுத்துக் கொடுக்கும்போதே சொல்லுங்க.

அப்பா இப்போ மதுரையில் நல்லா இருக்கார். அதுக்கப்புறம் ஒரு மாசம் லேசான இருமல் இருந்தது, போயிடுச்சு.

அந்த வடக்குச் சுவரை அந்த வருஷம் நான் கழுவவே இல்லை. பச்சைப் பாசியோடயே அடுத்த ஏப்ரல் வரைக்கும் இருந்தோம். வீட்டுக்கு ஒண்ணும் ஆகல.